விஆர் கேமிங்குக்கு மிட்-ரேஞ்ச் கிராபிக்ஸ் கார்டு வாங்குறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

விஆர் (கண்ணுல ஹெட்செட் மாட்டி ஆடுற வர்ச்சுவல் ரியாலிட்டி) பக்கம் புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "இந்த கார்டு போதுமாண்ணா"ங்கிறதுதான். எந்த ஹெட்செட், என்ன கேம்னு சொல்லாம கார்டு பேர மட்டும் குடுத்து கேட்டா, ஜாதகத்த காட்டாம பொருத்தம் கேட்ட கதைதான். மானிட்டர்ல ஜம்முனு ஓடுற கார்டு ஹெட்செட்ட மாட்டுனதும் முக்க ஆரம்பிக்கும், யூடியூப்ல வர்ற பெஞ்ச்மார்க் வீடியோ முக்காவாசி 1080பி, 1440பி மானிட்டர்ல எடுத்தது, அத வச்சு விஆருக்கு கணக்கு போட்டா கணக்கு உதைக்கும். அதனால கார்டு பேருக்கு கடைசியாத்தான் வரப்போறேன், அதுவரைக்கும் பொறுங்க.

ஸ்டெப் 1: ஹெட்செட் எதுன்னு முடிவு பண்ணுங்க

கார்ட வாங்கி வச்சுட்டு ஹெட்செட் தேடாதீங்க, முதல்ல ஹெட்செட், அப்புறம்தான் கார்டு. ஏன்னு பிக்சல் கணக்க பாத்தாலே புரிஞ்சிடும். சாதா 1080பி மானிட்டர்ல மொத்தமே சுமார் 20 லட்சம் பிக்சல்தான், 4கே மானிட்டர்ல 83 லட்சம். இப்ப ஹெட்செட்டுக்கு வாங்க. 2019-ல வந்த வால்வ் இண்டெக்ஸ் ஒரு கண்ணுக்கு 1440க்கு 1600, ரெண்டு கண்ணும் சேத்து 46 லட்சம். மெட்டாவோட க்வெஸ்ட் 2-லயும் க்வெஸ்ட் 3எஸ்-லயும் கண்ணுக்கு 1832க்கு 1920, சேத்தா 70 லட்சம். சோனியோட பிஎஸ் விஆர்2 சுமார் 82 லட்சம். க்வெஸ்ட் 3-ல 2064க்கு 2208, சேத்தா 91 லட்சம், அதாவது 4கே மானிட்டரையே தாண்டிடுச்சு.

இதோட முடிஞ்சா பரவால்ல. லென்ஸ் படத்த வளைக்கும், அத சரிக்கட்ட கார்டு படத்த எதிர்ப்பக்கமா வளைச்சு அனுப்பணும், அப்படி வளைக்கிறப்போ நடுவுல தெளிவு போயிடாம இருக்கணும்னா பேனல விட பெரிய படமா வரையணும். ஸ்டீம்விஆர்ல (பிசில விஆர் கேம ஓட்டுற வால்வோட சாஃப்ட்வேர்) இண்டெக்ஸுக்கு ரெசல்யூஷன 100 சதவீதம்னு வச்சா கண்ணுக்கு 2016க்கு 2240 வரையுது, 46 லட்சம்னு நெனச்சது அங்கயே 90 லட்சம் ஆயிடுச்சு. க்வெஸ்ட் 3-க்கும் அதே விகிதத்துல முழுசா ஏத்துனா ஒன்னே முக்கால் கோடிய தாண்டும், மிட்-ரேஞ்ச் கார்டு எதுவும் பெரிய கேம்ல அத தாங்காது, அதனால கொறச்சு வச்சுத்தான் ஆடுவோம், அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல.

ஹெட்செட்டுல இன்னொரு பிரிவும் இருக்கு, கார்டு வாங்குறப்போ இதுதான் ரொம்ப முக்கியம். இண்டெக்ஸ், பிஎஸ் விஆர்2 மாதிரி சிலது டிஸ்ப்ளேபோர்ட் வழியா கார்டுலயே நேரா சொருகுறது (பிஎஸ் விஆர்2-க்கு 2024 ஆகஸ்ட்ல வந்த பிசி அடாப்டர் தனியா வாங்கணும்). க்வெஸ்ட் அப்படி இல்ல, அதுல டிஸ்ப்ளேபோர்ட்டே கிடையாது, யுஎஸ்பி கேபிள்லயோ வைஃபைலயோ கார்டு படத்த வீடியோவா சுருக்கி அனுப்பும், ஹெட்செட் அத பிரிச்சு காட்டும். ஆக க்வெஸ்ட் வச்சிருக்கவங்களோட கார்டுக்கு கேம வரையிற வேலையோட சேத்து வீடியோ சுருக்குற வேலையும் உண்டு.

ஹெச்பி ரிவெர்ப் ஜி2ங்கிற ஹெட்செட் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடச்சா அவசரப்படாதீங்க. விண்டோஸ் 11-ல 24எச்2 வெர்ஷன்ல இருந்து மைக்ரோசாஃப்ட் அதுக்கான சப்போர்ட்டையே தூக்கிட்டாங்க. ஒயாசிஸ்னு ஒரு டிரைவர் வந்து அதுக்கு மறுபடி உசுர் குடுத்திருக்கு, ஆனா அது என்விடியா கார்டுல மட்டும்தான் ஓடும். ஹெட்செட் எப்படி கார்ட முடிவு பண்ணுதுன்னு இதுல இருந்தே பாத்துக்கோங்க.

ஸ்டெப் 2: என்ன ஆடப் போறீங்க

இத சுருக்கமா முடிச்சிடலாம். பீட் சேபர், டேபிள் டென்னிஸ் மாதிரி கேம்னா எந்த மிட்-ரேஞ்ச் கார்டும் அலட்டிக்காம ஓட்டும். ஹாஃப்-லைஃப் அலிக்ஸ் 2020-ல வந்தது, பாக்க பிரமாதமா இருக்கும் ஆனா நல்லா செதுக்குன கேம், குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 இருந்தா போதும்னுதான் வால்வே போட்டிருக்காங்க. சிக்கல் ரெண்டு எடத்துல. ஒன்னு சிமுலேட்டர், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், டிசிஎஸ் (போர் விமான சிமுலேட்டர்) இதெல்லாம் எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் இன்னும் குடுன்னு கேக்கும். இன்னொன்னு விஆர்சாட் (பல பேர் கூடி அரட்டை அடிக்கிற எடம்), கார்ட்டூன் மாதிரி இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, ஒரு ரூம்ல இருபது பேர் ஆளுக்கொரு அவதாரோட வந்து நின்னா அத்தன பேரோட டெக்ஸ்சரும் (உருவத்து மேல போர்த்துற படம்) விரேம்லதான் (கார்டோட சொந்த மெமரி) வந்து உக்காரும். இது போக சாதா அன்ரியல் இன்ஜின் கேம்கள விஆரா மாத்துற யுஇவிஆர் மாட் இருக்கு, அது சும்மாவே கனமான கேம ரெண்டு கண்ணுக்கும் வரைய வைக்கிறது, மிட்-ரேஞ்ச் கார்டுல அத நம்பி எறங்காதீங்க.

ஸ்டெப் 3: எஃப்பிஎஸ்ஸ மறந்துட்டு மில்லிசெகண்ட பாருங்க

எஃப்பிஎஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தன ஃபிரேம், அதாவது படம், வருதுங்கிறது. விஆருக்கும் மானிட்டருக்கும் உண்மையான வித்தியாசம் இங்கதான். ஹெட்செட் 90 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 90 தடவ படம் மாத்தி ஓடுதுன்னா ஒவ்வொரு ஃபிரேமையும் 11.1 மில்லிசெகண்டுக்குள்ள கார்டு முடிச்சு குடுத்தாகணும். 72 ஹெர்ட்ஸ்னா 13.9, 120 ஹெர்ட்ஸ்னா வெறும் 8.3. மானிட்டர்ல ஒரு ஃபிரேம் லேட்டானா லேசா ஒரு வெட்டு தெரியும் அவ்வளவுதான், விஆர்ல உங்க தல திரும்பிடுச்சு ஆனா உலகம் திரும்பல, வயித்த பெரட்டும்.

இத சமாளிக்க ஹெட்செட் சாஃப்ட்வேர் ஒரு வேல பண்ணும். கார்டால முடியலன்னு தெரிஞ்சதும் கேம பாதி வேகத்துல, 90-க்கு 45-ல ஓடவிட்டு நடுவுல வர்ற ஃபிரேம அதுவே யூகிச்சு வரஞ்சுக்கும். மெட்டால இதுக்கு ஏஎஸ்டபிள்யூன்னு பேரு, ஸ்டீம்விஆர்ல மோஷன் ஸ்மூத்திங். இது ஓடுதான்னு கண்டுபிடிக்கணும்னா உங்க கைய மூஞ்சிக்கு முன்னாடி வேகமா ஆட்டி பாருங்க, விரல் ஓரத்த சுத்தி பின்னாடி இருக்க சுவரு நெளியும், கன்ட்ரோலர் ரெண்டா தெரியும். சிமுலேட்டர்ல உக்காந்து ஓட்டுறவங்க இத சகிச்சுக்குவாங்க, கத்திச்சண்ட, துப்பாக்கி சண்டைலலாம் சகிக்காது.

அதனால ரிவ்யூ பாக்குறப்போ ஆவரேஜ் எஃப்பிஎஸ் எவ்ளோன்னு பாக்காதீங்க, அதுக்குப் பக்கத்துல 1% லோன்னு (ரொம்ப மெதுவா வந்த ஒரு சதவீத ஃபிரேம்களோட வேகம்) ஒரு சின்ன நம்பர் இருக்கும், அதான் உங்களுக்கு வேணும். ஆவரேஜ் 120 இருந்து 1% லோ 60-க்கு விழுற கார்ட விட, ஆவரேஜ் 100, லோ 88 இருக்க கார்டுதான் விஆருக்கு லாயக்கு.

இதோட சேத்து ஒன்னு சொல்லிடறேன். 2025 ஜனவரில சிஇஎஸ் கண்காட்சி மேடைல 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 4090-க்கு சமம்னு என்விடியா சொன்னாங்களே, அது ஃபிரேம் ஜெனரேஷன்ங்கிற போலி ஃபிரேம்கள சேத்து சொன்ன கணக்கு. விஆர் ஆடுறவங்களுக்கு அதால பைசா பிரயோஜனம் இல்ல, லேட்டன்சிய (நீங்க அசையிறதுக்கும் படம் அசையிறதுக்கும் நடுவுல ஆகுற தாமதம்) ஏத்தி விடுற சமாச்சாரம் அது. கடக்காரர் "ஃபிரேம் மூனு மடங்கு வரும் சார்"னு சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க. என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் வேற, அது சின்னதா வரஞ்சு பெருசாக்குறது, சப்போர்ட் இருக்க கேம்ல (நோ மேன்ஸ் ஸ்கை, ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி) விஆர்லயும் நல்லாவே கை குடுக்கும்.

ஸ்டெப் 4: விரேம்

இப்ப புதுசா வாங்குறவங்க 8 ஜிபி கார்டு வாங்காதீங்க. இதுல நான் கொஞ்சம் பிடிவாதம்தான். பெரிய ரெசல்யூஷன்ல ரெண்டு கண்ணுக்கும் வரையிறது, ஸ்டீம்விஆர் ஒரு பங்கு எடுக்கும், க்வெஸ்ட்னா வீடியோ சுருக்குறதுக்கு ஒரு பங்கு, விண்டோஸும் திறந்து கெடக்குற பிரவுசரும் ஒரு பங்கு, மிச்சம்தான் கேமுக்கு. விரேம் நிரம்பிடுச்சுன்னா மிச்சத்த கார்டு சிஸ்டம் ரேம்ல போய் வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் மதர்போர்டு வழியா இழுத்துட்டு வரும், அங்கதான் திடீர் திடீர்னு நிக்கிறது.

பழைய மதர்போர்டு வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600 இதெல்லாம் பதினாறு லேன் (டேட்டா போற பாதை) ஸ்லாட்டுல உக்காந்தாலும் எட்டு லேன்தான் பயன்படுத்தும். புது போர்டுல அது தெரியாது, ஆனா பி450 மாதிரி பிசிஐஇ 3.0 (கார்டு சொருகுற ஸ்லாட்டோட பழைய தலைமுறை) போர்டுல இந்த 8 ஜிபி கார்டு ஒன்ன சொருகி விரேமும் நிரம்பிட்டா, இழுத்துட்டு வர்ற பாதையும் பாதியா குறுகிப்போய் நிக்கும்.

பெரிய பொறி என்னன்னா 5060 டிஐ-லயும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-லயும் 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு வகை ஒரே பேர்ல விக்கிறாங்க. ஆன்லைன்ல "5060 டிஐ ஆஃபர்"னு வந்தா நூத்துக்கு தொண்ணூறு 8 ஜிபியாத்தான் இருக்கும், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தலைப்ப முழுசா படிங்க, டெலிவரி ஆனதும் பாக்ஸ்ல ஒட்டியிருக்க ஸ்டிக்கரையும் பாருங்க.

ஸ்டெப் 5: க்வெஸ்ட் வச்சிருக்கவங்க மட்டும் படிங்க

டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்காரங்க இத தாண்டி போயிடலாம். க்வெஸ்ட்டுக்கு வீடியோ சுருக்குறது கார்டுல இருக்க என்கோடருங்கிற தனி பகுதி. எச்.264, ஹெச்இவிசிங்கிற வீடியோ சுருக்குற முறை ரெண்டும் எல்லா கார்டுலயும் இருக்கும்னு நெனைப்பீங்க, இல்ல. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ரெண்டுலயும் என்கோடரே கிடையாது, செலவு மிச்சம்னு அத வாங்கிட்டு க்வெஸ்ட்ட சொருகிட்டு ஏன் வரலன்னு தலைய பிச்சுக்க வேண்டியதுதான்.

ஏவி1ங்கிறது புது வகை, அதே பிட்ரேட்ல (செகண்டுக்கு அனுப்புற டேட்டா அளவு) படம் இன்னும் சுத்தமா வரும், குறிப்பா புல்வெளி, மழ, இருட்டான எடங்கள்ல கட்டம் கட்டமா உடையிறது நல்லாவே குறையும். க்வெஸ்ட் 3, 3எஸ் ரெண்டும் ஏவி1 பிரிக்கும், க்வெஸ்ட் 2 பிரிக்காது. என்விடியா, ஏஎம்டி கார்டு பக்கம் பாத்தா ஆர்டிஎக்ஸ் 40 வரிசைல இருந்தும் ஆர்எக்ஸ் 7000 வரிசைல இருந்தும்தான் ஏவி1 சுருக்க முடியும், 30 வரிசைல அது இல்ல. ஆக க்வெஸ்ட் 2 வச்சிருக்கவருக்கு ஏவி1-க்காக கூட காசு குடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

என்விடியாவா ஏஎம்டியாங்கிற சண்டைல க்வெஸ்ட்காரங்களுக்கு மட்டும் என் ஓட்டு என்விடியாவுக்கு. அவங்க என்கோடர் ரொம்ப வருஷமா கொஞ்சம் முன்னாடி நிக்கிது. ஏஎம்டி 9000 வரிசைல அத நல்லாவே திருத்திட்டாங்க, வித்தியாசம் இப்ப குறைஞ்சு போச்சு, ஆனாலும் 2022 கடைசில 7900 வரிசை வந்தப்போ சில விஆர் கேம்ல பழைய 6000 வரிசைய விட மோசமா ஓடி, 2023 ஜூலை டிரைவர்லதான் ஓரளவு சரியாச்சுங்கிறத விஆர் ஆளுங்க இன்னும் மறக்கல. இன்டெல் ஆர்க் விலைக்கு அருமையான கார்டுதான், ஆனா விஆருக்கு இன்டெல் அதிகாரப்பூர்வமா சப்போர்ட் தர்றதில்ல, ஏதோ ஒரு வழில ஓட்டிடறவங்க இருக்காங்க, புதுசா வர்றவங்களுக்கு அந்த தலைவலி வேண்டாம்.

ஸ்டெப் 6: சரி, கார்டு பேரு சொல்லுங்க

இப்ப சொல்றேன். புதுசா வாங்குறதா இருந்தா மிட்-ரேஞ்சோட நடுவுல ரெண்டு கார்டு இருக்கு. ஒன்னு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 2025 ஜூன்ல 349 டாலருக்கு வந்தது. இன்னொன்னு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 2025 ஏப்ரல்ல 429 டாலர். நம்ம ஊர் விலை அந்த டாலர ரூபாயா மாத்தி வர்ற தொகைல நிக்காது, ஜிஎஸ்டி, கடை லாபம்னு மேல ஏறிட்டே போகும், வாரா வாரம் மாறவும் செய்யும், அதனால டாலர் விலைய ரெண்டு கார்டுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம் இருக்கணும்னு பாக்க மட்டும் வச்சுக்கோங்க. க்வெஸ்ட்னா, டிஎல்எஸ்எஸ் இருக்க கேம் ஆடுவீங்கன்னா 5060 டிஐ. டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்னா, இல்ல போர்டு பிசிஐஇ 3.0-ன்னா 9060 எக்ஸ்டி, அது பதினாறு லேனும் பயன்படுத்தும், மிச்ச காசுல நல்ல ஹெட் ஸ்ட்ராப் வாங்கிக்கலாம்.

சிமுலேட்டர்காரங்க மட்டும் இன்னும் கொஞ்சம் சேத்து வச்சு ஆர்டிஎக்ஸ் 5070 இல்லன்னா ஆர்எக்ஸ் 9070-க்கு போங்க, ரெண்டும் 2025 மார்ச்ல ஒரே 549 டாலருக்கு வந்தது. 5070-ல 12 ஜிபி, 9070-ல 16 ஜிபி. டிசிஎஸ் ஆடுறவங்களுக்கு அந்த நாலு ஜிபி சும்மா இல்ல.

பட்ஜெட் அவ்ளோ இல்லன்னா செகண்ட் ஹேண்ட்ல ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பாருங்க, வேகம் சுமார்தான், ஆனா க்வெஸ்ட் 2-வ 72 ஹெர்ட்ஸ்ல வச்சு ஆட ஆரம்பிக்க தாராளம். 3060 டிஐ, 3070 ரெண்டும் அத விட வேகம் ஆனா 8 ஜிபி, விஆர்சாட் ஆடாதவங்களுக்கு ஓகே. ஆர்டிஎக்ஸ் 4070 இல்ல 4070 சூப்பர் யாராவது 50 வரிசைக்கு மாறுறேன்னு நல்ல விலைக்கு விட்டா யோசிக்காம எடுங்க, 12 ஜிபி, ஏவி1 உண்டு, கரண்டும் ரொம்ப குடிக்காது.

ஸ்டெப் 7: கார்டு சொருகுறதுக்கு முன்னாடி மிச்ச பொட்டிய பாருங்க

எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பொட்டி) தான் முதல்ல. கேபினெட்டோட இலவசமா வந்த 450 வாட்னு எழுதியிருக்க பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ல இந்த கார்டெல்லாம் மாட்டாதீங்க, எழுதியிருக்கது ஒன்னு, தாங்குறது வேற ஒன்னு. 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட் எடுக்கும், 5060 டிஐ 180 வாட், 5070 போனா 250 வாட். என்விடியா 5060 டிஐ-க்கு 600 வாட், 5070-க்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னு சொல்றாங்க. கார்டு நீளத்த மில்லிமீட்டர்ல பாத்து கேபினெட்டுக்குள்ள ஸ்கேல வச்சு அளந்துக்கோங்க, முன்னாடி ஃபேன் எடுத்துக்குற எடத்தையும் கழிச்சுட்டு.

சிபியுவும் பாக்கணும், விஆர்சாட்டும் சிமுலேட்டரும் கார்ட தின்ற அளவுக்கு சிபியுவையும் தின்னும். ரைசன் 5 5600 அளவுல இருந்தா இந்த மிட்-ரேஞ்ச் கார்டுகளுக்கு போதும், அதுக்கு கீழ நாலு கோர் பழைய சிபியுன்னா புது கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்னா கார்டுல ஒரு போர்ட் காலியா இருக்கணும், மானிட்டர்கள எச்டிஎம்ஐ பக்கம் மாத்தி வைங்க. எச்டிஎம்ஐ-ல இருந்து டிஸ்ப்ளேபோர்ட் மாத்துற சின்ன அடாப்டர நம்பாதீங்க. லேப்டாப்காரங்க இன்னும் உஷாரா இருக்கணும், நெறைய மாடல்ல டைப்-சி போர்ட் கிராபிக்ஸ் கார்டோட சேராம சிபியுல இருக்க கிராபிக்ஸோட சேந்திருக்கும், ஹெட்செட் வேல செய்யாது, வாங்குறதுக்கு முன்னாடி மேனுவல்ல தேடிப் பாருங்க.

க்வெஸ்ட்ட வைஃபைல ஓட்டுறவங்க பிசிய ரவுட்டரோட லேன் கேபிள்ல கட்டுங்க, ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கட்டும், ரவுட்டர் அதே ரூம்ல இருக்கணும். கார்டு மேல பழி போடுறவங்கள்ல பாதி பேருக்கு பிரச்சின ஹால்ல டிவிக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்க ரவுட்டர்தான்.

ஸ்டெப் 8: வாங்குற அன்னிக்கு

புதுசுன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஜிஎஸ்டி பில்லுல கார்டோட சீரியல் நம்பர எழுதி வாங்குங்க, வாரண்டிக்கு போறப்போ அதத்தான் கேப்பாங்க. பில் இல்லாம ஆயிரம் ரெண்டாயிரம் கொறச்சு தர்றேன்னா வேண்டாம்னு வந்துடுங்க.

செகண்ட் ஹேண்ட்னா கார்ட கைல வாங்கி பாத்ததோட காசு குடுத்துடாதீங்க, விக்கிறவர் வீட்டுலயே ஓட்டி காட்ட சொல்லுங்க. 2022 செப்டம்பர்ல எத்தேரியம் மைனிங் நின்னதுக்கப்புறம் 30 வரிசை கார்டு ஏகப்பட்டது சந்தைக்கு வந்துச்சு. மைனிங்ல ஓடுனதுன்னாலே கெட்டதுன்னு இல்ல, ஆனா ஃபேனும் தெர்மல் பேடும் தேஞ்சிருக்கும். ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத ஓட்டுனா விரேம் அளவு சரியான்னு தெரியும், பயாஸ (கார்டுக்குள்ள இருக்க அடிப்படை சாஃப்ட்வேர்) மாத்தி பேர் ஏமாத்துன பழைய கார்டுன்னா பேருக்கு முன்னாடியே ஃபேக்னு காட்டிடும். அப்புறம் ஏதாவது கனமான கேம இருபது நிமிஷம் ஓடவிட்டு ஹாட் ஸ்பாட் (சிப்லயே அதிகமா சூடாகுற எடம்) டெம்பரேச்சர பாருங்க, சாதா டெம்பரேச்சருக்கும் அதுக்கும் நடுவுல முப்பது டிகிரி வந்துச்சுன்னா சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போச்சு, விலைய கொறச்சு கேளுங்க. கேபினெட் கதவ திறந்து வச்சு காத குடுங்க, ஃபேன் கரகரன்னா பேரிங் போயிருக்கு. ஸ்க்ரீன்ல அங்கங்க பச்ச, ஊதா புள்ளி மின்னுச்சுன்னா பேரம் பேசாதீங்க, எழுந்து வந்துடுங்க.

ஸ்டெப் 9: மாட்டுனதுக்கப்புறம்

உடனே 120 ஹெர்ட்ஸ், அல்ட்ரா செட்டிங்னு போகாதீங்க. க்வெஸ்ட்டுல 72 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, 13.9 மில்லிசெகண்ட் கெடைக்குது. முதல்ல ரெசல்யூஷன ஏத்துங்க, அது தடுமாறாம நின்னதும் கேம் செட்டிங்க ஏத்துங்க, நிழல், வால்யூமெட்ரிக் புகை ரெண்டையும் மட்டும் கடைசி வரைக்கும் கொறச்சே வைங்க, விஆர்ல அதுக்கு ஆகுற செலவுக்கு கண்ணுக்கு ஒன்னும் பெருசா தெரியாது. ஹெர்ட்ஸ கடைசியா ஏத்துங்க.

ஏற்கனவே ஒரு கார்டு வச்சிருக்கவங்க புதுசுக்கு காச எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ செஞ்சு பாத்துடுங்க. ஸ்டீம்விஆர்லயே ஃபிரேம் டைமிங் கிராஃப் இருக்கு, காசு குடுத்து வாங்குற எஃப்பிஎஸ்விஆர் இருந்தா இன்னும் வசதி, சிபியு தனியா ஜிபியு தனியா மில்லிசெகண்ட் காட்டும். உங்களுக்கு திணறுற கேம்ல திணறுற எடத்துலயே நின்னுக்கிட்டு ரெசல்யூஷன 50 சதவீதத்துக்கு இறக்குங்க. ஜிபியு நேரம் சரசரன்னு எறங்கி கேம் வழவழன்னு ஓடுதுன்னா உங்களுக்கு கார்டுதான் பத்தல, மேல சொன்னதுல ஒன்ன பாருங்க. ரெசல்யூஷன எறக்கியும் அதே மாதிரி நின்னு நின்னு ஓடுதுன்னா, சிபியு நேரம் மட்டும் மேலயே நிக்கிதுன்னா, எந்த கார்டு வாங்குனாலும் அது தீராது, அந்த காசுல சிபியுவ மாத்துங்க.